கப்பலின் அடியில் ஒரு களைக்கொல்லி

(திருவொற்றியூரில் வாசகர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



திருவொற்றியூரில் இன்று நெல் வயல் கிடையாது. டயர், மோட்டார் சைக்கிள், தீப்பெட்டி என்று தொழிற்சாலைகளைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்கள் இந்த ஊரை அடையாளம் காட்டுகிறார்கள். வயலே இல்லாத ஊரில் களைக்கொல்லி பற்றி எதற்குப் பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கடற்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து, நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தெரியும். அந்தக் கப்பல்களின் நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குப் பூசுகிற பெயின்டில் பல ஆண்டுகளாகக் களைக்கொல்லி கலந்து வந்திருக்கிறார்கள். நம் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

கடலில் எந்தப் பொருள் கிடந்தாலும் முதலில் அதன்மேல் வழவழவென்று ஒரு படலம் படியும். அதன்மேல் பாசி. பாசிக்குப் பின்னால் கொட்டலசு. காசிமேட்டில் விசைப்படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கப்பலில் இப்படிப் படிந்தால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதைத் தடுக்க 1960களிலிருந்து டிரைபியூட்டைல் டின் என்ற தகரச் சேர்மத்தைப் பெயின்டில் சேர்த்தார்கள். அது பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்கிற அளவுக்குக் கடல் உயிர்களைக் குலைத்தது. 2001இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதைத் தடை செய்ய ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2008இல் அது நடைமுறைக்கு வந்தது. தகரம் போன இடத்துக்குத் தாமிரம் வந்தது. ஆனால் சில பாசிகள் தாமிரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. அந்தப் பாசிகளுக்காகப் பெயின்டில் சேர்க்கப்பட்டவைதான் டையூரானும் சைபியூட்ரினும்.

இரண்டும் வயலிலிருந்து கடலுக்கு வந்தவை என்று சொல்லலாம். டையூரான் கரும்புக்கும் பருத்திக்கும் அடிக்கிற களை மருந்து. சைபியூட்ரின், அட்ரசினின் தம்பி மாதிரி. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் ஊன்றிய மூன்று நான்கு நாளில் தரையில் தெளிக்கிறார்களே, அதே அட்ரசின் குடும்பம். வயலில் சாரணையையும் புல்லையும் நிறுத்துகிற அதே வேலையை, கப்பலடியில் பாசிக்குச் செய்ய வைத்தார்கள்.

அது என்ன வேலை? இதற்கு இலைக்குள் போக வேண்டும்.

பச்சை இலையின் பெரும்பாலான செல்களுக்குள் பல பசுங்கணிகங்கள் இருக்கின்றன. பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக மெல்லிய சவ்வுகள். சூரிய ஒளி பிடிபடுவது அந்தச் சவ்வில்தான். ஒளி பச்சையத்தின்மேல் பட்டதும் ஓர் எலக்ட்ரான் கிளம்புகிறது. ஒரு மூலக்கூற்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாறிக்கொண்டே போகிறது. தண்ணீர் லாரி வந்தால் நம் தெருவில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவோமே, அப்படி. இந்த வரிசையில் ஓரிடத்தில் டி-1 என்று ஒரு புரதம் நிற்கிறது. அதில் ஒரு குழிவு. பிளாஸ்டோகுவினோன் என்ற மூலக்கூறு அந்தக் குழிவில் வந்து உட்காரும், இரண்டு எலக்ட்ரான்களை வாங்கும், எழுந்து போகும். அடுத்தது வந்து உட்காரும். டையூரான், அட்ரசின், சைபியூட்ரின் மூன்றும் செய்வது ஒன்றுதான்: அந்தக் குழிவில் ஏறி உட்கார்ந்துகொள்வது. எலக்ட்ரானையும் வாங்காது, இடத்தையும் விடாது. பின்னால் குடத்தோடு நிற்பவர்கள் நின்றபடியே நிற்க வேண்டியதுதான்.

இதைக் கண்ணால் பார்த்தது போலவே நமக்குச் சொன்னவர்கள் மூன்று ஜெர்மானிய விஞ்ஞானிகள். டைசன்ஹோஃபர், ஹூபர், மிஷெல். ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியாவின் ஒளிமையத்தைப் படிகமாக்கி, அணுவுக்கு அணு அதன் அமைப்பை வரைந்து காட்டினார்கள். 1988இல் அவர்களுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் படிகத்தில் டெர்பியூட்ரின் என்ற களைக்கொல்லியை ஊறவைத்தபோது, குவினோன் உட்கார வேண்டிய குழிவிலேயே அது போய் உட்கார்ந்திருந்தது. சைபியூட்ரினுக்கு நெருங்கிய உறவு அது.

சரி, ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டது. சோறு இல்லாமல் செடி பட்டினியில் சாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாடப்புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். ஆனால் பட்டினிச் சாவு மெதுவானது. சேமித்த மாவுச்சத்து இருக்கும்வரை செடி தாக்குப்பிடிக்கும். டையூரான் பட்ட இலை அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. காரணம் ஒளி. எலக்ட்ரான் நகரவில்லை என்பதற்காகச் சூரியன் ஒளி வீசுவதை நிறுத்துவதில்லை. பச்சையம் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கிறது. வாங்கிய ஆற்றலை இறக்கி வைக்க இடமில்லை. அந்த ஆற்றல் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜன்மேல் பாய்கிறது. கிளர்ச்சியுற்ற அந்த ஆக்சிஜன் சவ்வின் கொழுப்பைத் தாக்குகிறது. சவ்வு ஓட்டையாகிச் செல்லின் சாறு வெளியே கசிகிறது. இலை நரம்புகளுக்கு இடையில் வெளுத்து, ஓரங்களிலிருந்து காய்ந்து வருகிறது. மருந்து பட்ட செடியை இருட்டில் வைத்துவிட்டால் இந்தச் சேதம் நடப்பதில்லை.

நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இதுதான். பெரும்பாலான களைக்கொல்லிகள் செய்வது ஒரு நொதியை, ஒரு புரதத்தை, ஓரிடத்தில் நிறுத்துவது. அதற்குப் பிறகு நடக்கும் கொலையைச் செய்வது வெயிலும் செடியின் சொந்த வளர்சிதை மாற்றமும். அதனால் எந்தக் களை மருந்தைப் பற்றியும் நாம் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். இது எந்த இயக்கத்தை நிறுத்துகிறது, அல்லது குலைக்கிறது? அந்த இயக்கம் களையைத் தவிர வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது? கடையில் எல்லாவற்றையும் "களை மருந்து" என்று ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறோம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு மருந்தும் தருகிற பதில் முற்றிலும் வேறு.

டி-1 புரதம் யாரிடமெல்லாம் இருக்கிறது? வெளிச்சத்தில் ஆக்சிஜன் வெளிவிடும் உயிர்கள் எல்லாவற்றிடமும். புல், மரம், கடற்பாசி, கடற்புல், பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி. எண்ணூர் முகத்துவாரத்தில் நிற்கும் அலையாத்தி மரமும் இதில் அடக்கம். மிக மிகக் குறைந்த அளவிலேயே பவளத்தின் நுண்பாசிகள் சைபியூட்ரினால் பாதிக்கப்படுவதைப் பல ஆய்வுகள் காட்டின. கடைசியில் 2021இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2023 ஜனவரி 1 முதல் எந்தக் கப்பலுக்கும் அதைப் புதிதாகப் பூசக் கூடாது. ஏற்கெனவே பூசிய கப்பல்கள் அடுத்த முறை பெயின்டைப் புதுப்பிக்கும்போது அதை அகற்ற வேண்டும் அல்லது மேல்பூச்சால் மூட வேண்டும். டையூரானுக்கு இப்படி உலகம் தழுவிய தடை இன்னும் வரவில்லை.

எண்ணூரில் அதிகம் காணப்படும் அலையாத்தி, வெண்கண்டல் என்கிற அவிசீனியா மரைனா. உப்பை இலை வழியாகவே கக்குகிற மரம். இலையின் பரப்பைத் தடவினால் உப்புத்தூள் விரலில் ஒட்டும். இதே மரம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரையில், மெக்கே என்ற ஊரை ஒட்டிய கழிமுகங்களில் கொத்துக் கொத்தாகப் பட்டுப்போனது. பக்கத்தில் வேறு கண்டல் இனங்கள் ஓரளவு தப்பி நின்றன, அவிசீனியா மட்டும் செத்தது. மேட்டில் கரும்புத் தோட்டங்கள். அங்கே அடித்த டையூரான் மழை நீரில் இறங்கிக் கழிமுகச் சேற்றில் தங்கியதுதான் காரணமாக இருக்கும் என்று நார்மன் டியூக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அது ஒன்றே காரணமா என்பதில் மற்ற விஞ்ஞானிகள் அவரோடு வாதாடினார்கள். வாதம் எப்படி முடிந்தாலும், அவிசீனியா உப்பு நீரை வேரால் உறிஞ்சி இலைவரை இழுக்கிற மரம் என்பதால் சேற்றிலிருக்கும் மருந்துக்கு அது மற்றவற்றைவிட எளிதில் ஆட்படும் என்ற கருத்து நம்மைப் போன்ற ஊர்க்காரர்கள் காதில் விழ வேண்டிய ஒன்று.

வியட்நாமை இங்கே சொல்லாமல் விட முடியாது. 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டுக் காடுகள்மேல் களைக்கொல்லி தெளித்தன. அதில் முக்கியமானது 2,4-டி, 2,4,5-டி இரண்டும் கலந்த கலவை. இவை எதையும் நிறுத்துவதில்லை. செடியின் வளர்ச்சி ஹார்மோனான ஆக்சினைப் போல நடிக்கின்றன. செல்லுக்கு "வளர், வளர்" என்ற உத்தரவு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். தண்டு முறுக்கிக்கொள்ளும், காம்பு வீங்கும், எத்திலின் பெருகும், கடைசியில் திசுக்கள் தாறுமாறாகிச் செடி மடியும். உள்நாட்டுக் காடுகளில் பல மரங்கள் ஒரு தெளிப்பைத் தாங்கின. சைகோனுக்குத் தெற்கே இருந்த அலையாத்திக் காடு ஒரே தெளிப்பில் பட்டுப்போனது. 1978 முதல் அங்குள்ள மக்கள் கையால் நாற்று நட்டு அந்தக் காட்டை மீட்டார்கள். கான் ஜியோ என்ற அந்த இடத்தை 2000இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

அதே 2,4-டிதான் ஆகாயத்தாமரைக்கும் அடிக்கப்படும் மருந்து. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டப்பட்ட கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியானது. ஒரு காலத்தில் படகு போன அந்த நீரில் இப்போது ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். மருந்தடித்துக் கொன்றுவிடலாமே என்று எளிதாகக் கேட்டுவிடலாம். கொல்லலாம். ஆனால் செத்த செடி அத்தனையும் அதே நீரில்தான் அழுகும், அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனை இழுக்கும், மீன் மிதக்கும். கால்வாய் கடைசியில் எண்ணூர் முகத்துவாரத்தோடு சேர்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்த எண்ணெய் அந்தக் கண்டல் மரங்களின் மூச்சு வேர்களில் எப்படிப் பூசிக் கிடந்தது என்பதைக் காட்டுக்குப்பத்தில் எல்லோரும் பார்த்தார்கள். அந்த மரங்களுக்கு இன்னொரு சுமையைக் கூட்ட வேண்டாம். ஆகாயத்தாமரையை இயந்திரத்தாலும் ஆளாலும் அள்ளிக் கரையேற்றுவது செலவு அதிகம்தான். இருந்தாலும் இந்த ஊருக்கு அதுதான் சரியான வழி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அதே டிசம்பர் மாதத்தில் இந்தப் பகுதி மக்கள் இன்னொன்றையும் அனுபவித்தார்கள். 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூக்கத்திலிருந்த குடும்பங்கள் கண் எரிய, மூச்சு முட்டக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடின. அம்மோனியா உயிருக்கு என்ன செய்யும் என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தி உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். ஒவ்வொரு பச்சை இலைக்குள்ளும் பகல் முழுவதும் அம்மோனியா உண்டாகிக்கொண்டே இருக்கிறது.

நெல், கோதுமை, கடுகு போன்ற செடிகளில் ஒளிச்சுவாசம் என்று ஒரு செயல் நடக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய நொதி தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துவிட்டால், அதைச் சரிசெய்யச் செடி செய்யும் சுற்று வேலை அது. அந்தச் சுற்றில் அம்மோனியா வெளிவருகிறது. மண்ணிலிருந்து வேர் வழியாகச் செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தைவிடப் பல மடங்கு அம்மோனியா இப்படி இலைக்குள் பிறக்கிறது. இருந்தும் இலைக்கு ஒன்றும் ஆவதில்லை. குளுட்டமின் சிந்தெடேஸ் என்ற நொதி அதை அந்தக் கணமே பிடித்து, குளுட்டமேட்டோடு சேர்த்துக் குளுட்டமினாக மாற்றிவிடுகிறது. குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லி இந்த நொதியைத்தான் நிறுத்துகிறது. இந்த விஷத்தை முதலில் செய்தது எந்தத் தொழிற்சாலையும் அன்று. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர். நொதி நின்றதும் சில மணி நேரத்தில் இலைக்குள் அம்மோனியா ஏறுகிறது. அம்மோனியாவே செடியைக் கொல்கிறது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். பிந்தைய ஆய்வுகள் அதைத் திருத்தின: ஒளிச்சுவாசச் சுற்று தடைபட்டதும், பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் மறுபடியும் அதே ஆக்சிஜன் தாக்குதல்தான் வேகமாகக் கொல்கிறது. நல்ல வெயிலில் அடித்தால்தான் இந்த மருந்து நன்றாக வேலை செய்யும் என்பதற்குக் காரணம் இது. நம் நாட்டில் பல ஆண்டுகளாக வழக்கிலிருக்கும் மரபணு மாற்றக் கடுகு டி.எம்.எச்-11க்குள், இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணு ஒன்று அதே ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதில் மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த கிளைஃபோசேட்டுக்கு வருகிறேன். 1970இல் மான்சான்டோ நிறுவனத்தில் ஜான் ஃபிரான்ஸ் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டார். 1974இல் ரவுண்டப் சந்தைக்கு வந்தது. அது எங்கே அடிக்கிறது என்பது 1980இல்தான் தெரிந்தது. ஷிகிமேட் பாதை என்று ஒரு தயாரிப்பு வரிசை பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அதில் உருவாகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினுக்கும் மூலப்பொருள் அங்கிருந்தே வருகிறது. செடி பிடிக்கும் கரியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பாதை வழியாகப் போகிறது. கிளைஃபோசேட் அந்தப் பாதையின் ஒரு நொதியை அடைத்துவிடுகிறது. அடைப்புக்கு முன்னால் ஷிகிமிக் அமிலம் தேங்குகிறது, பின்னால் புரதம் செய்ய ஆள் இல்லை. மருந்து சாறோடு கலந்து வளரும் நுனிக்கும் வேருக்கும் போவதால் முதலில் மஞ்சளாவது குருத்துதான். முதிர்ந்த இலை அப்போதும் பச்சையாகவே இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் ஆகும் முழுச் செடியும் சாய. அருகம்புல்லும் கோரைக்கிழங்கும் இதற்கு ஓரளவு பணிவது, மருந்து மண்ணுக்கடியில் இறங்கும் இந்தக் குணத்தால்தான்.

கல்லூரி மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு சோதனையைச் சொல்கிறேன். இலையிலிருந்து பொட்டு அளவுக்கு ஒரு வட்டத் துண்டை வெட்டி எடுங்கள். மிகக் குறைந்த செறிவுள்ள கிளைஃபோசேட் கரைசலில் போட்டு ஓர் இரவு விளக்கு வெளிச்சத்தில் வையுங்கள். பிறகு உறையவைத்து உருக்கி, பெரியோடேட்டையும் காரத்தையும் சேர்த்தால், தேங்கிய ஷிகிமேட் மஞ்சள் நிறம் காட்டும். மருந்துக்குப் பணியாத களையின் இலை என்றால் பெரும்பாலும் நிறம் வராது. உள்ளே ஒரு பாதை அடைபட்டிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை வெறும் கண்ணால் பார்த்துவிடலாம்.

மனிதனுக்கு ஷிகிமேட் பாதை இல்லை, அதனால் கிளைஃபோசேட்டால் மனிதனுக்குத் தீங்கில்லை என்பது விற்பவர்களின் பழைய வாதம். முதல் பாதி உண்மை. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு அந்தப் பாதை இருக்கிறது. மண்ணின் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இருக்கிறது. 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று அதை வகைப்படுத்தியது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. அதே 2015இல் இலங்கை அதைத் தடை செய்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018இல் தளர்த்தியது. இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்த அறிவிக்கை, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. உங்கள் தொழிற்சாலை வளாகத்தில், கன்டெய்னர் யார்டில், ரயில் பாதையோரத்தில் தினக்கூலிக்கு வந்த ஒருவர் செருப்புக்காலோடு இதை அடித்துக்கொண்டிருந்தால் அந்த அறிவிக்கையை எடுத்துக் காட்டுங்கள்.

தொழிற்பேட்டைக்காரர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. கிளைஃபோசேட் தாங்கும் சோயா 1996இல் அமெரிக்காவில் பயிரானது. அதற்கு வேண்டிய மரபணுவை எங்கே கண்டெடுத்தார்கள் தெரியுமா? லூசியானா மாநிலத்தில் கிளைஃபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில். ஆலைக் கழிவில் பிழைத்துக் கிடந்த அக்ரோபாக்டீரியம் ஒன்றின் நொதி, மருந்துக்கு இடம் கொடுக்காத வடிவத்தில் இருந்தது. அதை எடுத்துச் சோயாவில் வைத்தார்கள். கழிவுநீரில் உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மாறுவது பாக்டீரியா மட்டுமில்லை. அதே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கீரைக் களை, அந்த நொதிக்கான மரபணுவை நூற்றுக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருக்கிக்கொண்டு கிளைஃபோசேட்டைச் சமாளித்தது. அடைக்க அடைக்க நொதி மிஞ்சியது.

பயிர் பிழைக்கிறது, களை சாகிறது என்ற அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நெல்லில் ஓர் அழகான விடை இருக்கிறது. புரோப்பனில் என்று ஒரு மருந்து. இலங்கை விவசாயிகளிடம் அது 3,4-டிபிஏ. டையூரான் போலவே ஒளிச்சேர்க்கையை நிறுத்துவது. நெல் இலையில் அதை உடைத்துப் போடும் நொதி நிறைய இருக்கிறது, குதிரைவாலிப் புல்லில் மிகக் குறைவு. இரண்டுக்குள்ளும் போகிற விஷம் ஒன்றே. செரிக்கத் தெரிந்த நெல் பிழைக்கிறது. ஆனால் அதே சமயம் கார்பரில் போன்ற பூச்சிமருந்தை வயலில் அடித்தால், பூச்சிமருந்து நெல்லின் அந்த நொதியை முடக்கிவிடும். நெல்லும் புல்லோடு சேர்ந்து கருகும். இரண்டு மருந்தையும் ஒரே டேங்கில் கலந்து அடித்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

செரிக்கும் திறமை பயிரின் தனிச்சொத்தாக நிலைப்பதும் இல்லை. பஞ்சாப், ஹரியானாவில் கோதுமைக்கு ஐசோபுரோட்டுரான் அடித்தார்கள். கோதுமை அதைச் செரித்தது, ஃபலாரிஸ் மைனர் என்ற புல் செத்தது. ஆண்டுக்கு ஆண்டு அதே மருந்து. 1990களின் தொடக்கத்தில் அந்தப் புல்லும் கோதுமை செரிக்கிற அதே வழியில் செரிக்கக் கற்றுக்கொண்டது. பல வயல்களில் விளைந்த கோதுமையைப் பச்சையிலேயே அறுத்துத் தீவனமாக்க வேண்டியதாயிற்று.

நம் கோயம்புத்தூர் இந்தக் கதையில் வருகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நெல் ஆய்வாளர் எஸ். ராபினும் அவர் குழுவினரும், வறட்சி தாங்கும் நாகினா 22 என்ற ரகத்தின் விதைகளை ஒரு வேதிப்பொருளால் திடீர்மாற்றங்களுக்கு உட்படுத்தினார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் விதைகளிலிருந்து வந்ததைச் சலித்து, இமாசித்தாபைர் என்ற களைக்கொல்லியை அடித்தும் சாகாத நெல்லைக் கண்டெடுத்தார்கள். இமாசித்தாபைர் நிறுத்துவது ஏ.எல்.எஸ். என்ற நொதியை, வேலின், லூசின், ஐசோலூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களுக்கு அதுதான் தொடக்க வாசல். மனித உடலில் அந்த வாசலே கிடையாது, அந்த மூன்றையும் நாம் சோற்றிலும் பருப்பிலும் மீனிலும் வாங்கிக்கொள்கிறோம். கோவை நெல்லின் ஏ.எல்.எஸ். சற்றே வடிவம் மாறியிருந்ததால் மருந்து அதில் ஒட்டவில்லை. "ராபின்" என்றே பெயர் பெற்ற அந்த வகையிலிருந்து மரபணுவை எடுத்து டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டு பாசுமதி ரகங்களில் சேர்த்தது. பூசா பாசுமதி 1979, 1985. வெளியிலிருந்து மரபணு எதுவும் நுழைக்கப்படாத, சாதாரணக் கலப்பினத்தில் வந்த ரகங்கள். 2024இல் விற்பனைக்கு வந்தன. நாற்று நடாமல், நீர் தேக்காமல், நேரடியாக விதைக்கும் விவசாயிக்கு இது பெரிய உதவி, தண்ணீர் மிச்சமாகும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உலகில் வேறு எந்த வகைக் களைக்கொல்லிக்கும் பணியாத களை இனங்களைவிட, ஏ.எல்.எஸ். வகைக்குப் பணியாத களை இனங்கள்தான் அதிகம். நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், தப்பிவிடலாம். ராபின் நெல்லுக்குக் கிடைத்த அந்த மாற்றம் வயலோரக் களை நெல்லுக்கு மகரந்தம் வழியாகவே போய்ச் சேரவும் முடியும். அமெரிக்காவில் இதே வகை நெல்லில் சில ஆண்டுகளிலேயே அது நடந்தது. ஆண்டுதோறும் அதே வயலில் அதே மருந்து என்று இறங்கினால் கோவையில் அத்தனை பேர் உழைத்துக் கண்டது சில பருவங்களில் வீணாகும்.

பாராகுவாட்டைப் பற்றிக் கொஞ்சம் கனத்த மனதோடுதான் பேச வேண்டியிருக்கிறது. எலக்ட்ரான் வரிசையின் கடைசிப் பகுதியில் நின்று, எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுப்பது அதன் வேலை. கொடுத்த பிறகு பழைய நிலைக்கே திரும்பி, அடுத்ததைப் பறிக்கத் தயாராக நிற்கும். செலவாகாத விஷம். காலையில் அடித்தால் பிற்பகலுக்குள் இலை வெந்நீர் பட்டது போல நிறம் மாறி, மறுநாள் பழுப்பாகிவிடும். இப்போது இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். இது யாரிடமெல்லாம் நடக்கும்? எலக்ட்ரானும் ஆக்சிஜனும் இருக்கும் இடத்திலெல்லாம். மனித நுரையீரலின் செல்கள் வேறொரு பொருளுக்காக வைத்திருக்கும் வாசல் வழியாகப் பாராகுவாட்டை உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இலையில் நடந்த அதே சுழற்சி அங்கே நடக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுகிறது. மூச்சு வாங்குபவருக்கு மருத்துவர் உடனே வைப்பது ஆக்சிஜன். இங்கே ஆக்சிஜனே சுழற்சிக்குத் தீனி என்பதால் அதையும் தயங்கித் தயங்கித்தான் கொடுக்க வேண்டும். மாற்று மருந்து கிடையாது. முதுகில் கசியும் ஸ்பிரேயரோடு, கீறல் விழுந்த தோலோடு இதை அடிப்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. கேரளம் 2011இல் இதைத் தடை செய்தது. இலங்கை அதே காலத்தில் படிப்படியாக நிறுத்தியது. பூச்சிமருந்து, களைமருந்து குடித்து இறப்பவர்கள் அங்கே வெகுவாகக் குறைந்தார்கள். விளைச்சல் அதனால் விழவில்லை. இந்தியா முழுவதும் பாராகுவாட்டை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நம் கடற்கரைக்குத் திரும்பி ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். எண்ணூர் நீரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாம்பல், எண்ணெய், உலோகம், வெந்நீர் என்று பேசுகிறோம். ஒளிச்சேர்க்கையை நிறுத்தும் மருந்துகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்து அளக்க வேண்டும். துறைமுகங்கள் பக்கத்தில் இருக்கின்றன, முகத்துவாரத்துக்கு வரும் ஆற்றின் மேல்பகுதியில் வயல்கள் இருக்கின்றன, இரண்டிலிருந்தும் வந்து சேர வழி இருக்கிறது. முதல் கட்டச் சோதனைக்குப் பெரிய செலவு ஆகாது. டி-1 அடைபட்ட இலை, வாங்கிய ஒளியின் ஒரு பகுதியைச் சிவப்பு ஒளியாகத் திருப்பி வீசும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கலான ஒளியை அளக்கும் கையடக்கக் கருவி தாவரவியல் ஆய்வகங்களில் இருக்கிறது. நலமாக இருக்கும் இலையைச் சிறிது நேரம் இருட்டில் வைத்து அளந்தால் 0.83ஐ ஒட்டி ஓர் எண் வரும். வெளிச்சத்தில் வைத்து அளக்கும்போது வரும் எண் டையூரான் இருந்தால் சட்டென்று இறங்கும். நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம் என மூன்று இடங்களில் வெண்கண்டல் இலைகளை, மழைக்கு முன்னும் மழை வடிந்த பின்னும் அளக்கலாம். எண் குறைந்த இடத்தில் மட்டும் சேற்றையும் நீரையும் எடுத்து, டையூரானும் சைபியூட்ரினும் அட்ரசினும் எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லலாம். வெப்பமும் உப்பும்கூட அந்த எண்ணைக் குறைக்கும் என்பதால் அந்த இரண்டாவது சோதனை கட்டாயம் வேண்டும். மரங்கள் எங்கெங்கே நிற்கின்றன, எந்த இடத்தில் எந்த மாதம் இலை வெளுக்கிறது என்பதை அந்த ஆற்றில் நாள்தோறும் வலை வீசுகிறவர்கள் நன்றாக அறிவார்கள். மாணவர்கள் முதலில் அவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு கருவியைக் கையில் எடுக்கட்டும்.